பதினாறு வயதில் கையில் எந்தச் சான்றிதழ்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நாளிதழ்கள் 'அடுத்து என்ன படிக்கலாம்?' என்று பக்கம் ஒதுக்குகின்றன. பிளஸ் ஒன் பாடப்பிரிவுகளுக்கு முக்கால் பக்கம், பாலிடெக்னிக்குக்கு ஒரு பத்தி, ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு நாலு வரி. அந்த நாலு வரியும் ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன், வெல்டர், கோபா என்று பெயர்ப் பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. வாசிக்கிற பெற்றோருக்கு இவை எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரே ஐ.டி.ஐ.யில் அடுத்தடுத்த பட்டறையில் படித்து வெளியே வரும் இரண்டு பேரில் ஒருவருடைய சான்று பாலிடெக்னிக் இரண்டாமாண்டுக்கும் ரயில்வே லோகோ பைலட் தேர்வுக்கும் செல்லும், மற்றவருடையது இரண்டுக்கும் செல்லாது என்பது அந்தப் பட்டியலில் தெரிவதில்லை. சேரும்போதும் யாரும் சொல்வதில்லை. விண்ணப்பம் தள்ளுபடியான பிறகுதான் வீட்டுக்குத் தெரிகிறது. அடுத்த ஆண்டு உங்கள் பக்கம் வரும்போது பயன்படட்டும் என்று விவரமாக எழுதுகிறோம்.

முதலில் வயதுக் கணக்கு. பத்தாம் வகுப்பு முடிக்கும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்கு வயது 15. ஐ.டி.ஐ.யில் சேர 14 நிரம்பியிருந்தால் போதும். வெல்டர், பிளம்பர், டீசல் மெக்கானிக், கோபா என்று சுருக்கிச் சொல்லப்படும் கணினி இயக்குநர் பிரிவு எல்லாம் ஓராண்டுப் படிப்புகள். 16 வயதில் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். சீக்கிரம் முடிகிறதே என்றுதான் பலர் இவற்றில் சேர்க்கிறார்கள். ஆனால் 18 நிரம்பாத பிள்ளையை ஒழுங்காக நடக்கும் எந்தத் தொழிற்சாலையும் வேலைக்கு எடுக்காது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை ஆபத்தான தொழிலில் அமர்த்தச் சட்டத்தில் இடமில்லை. தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்திலும் பொதுவான குறைந்தபட்ச வயது 14 என்றாலும், ஆபத்தான தொழில்களுக்கு 18 என்று 2014ஆம் ஆண்டுத் திருத்தம் வைத்துவிட்டது. ஆக, 16 வயது வெல்டருக்கு முன்னால் இரண்டு ஆண்டு சும்மா கிடக்கிறது. அந்த இரண்டு ஆண்டும் பெரும்பாலும் கேட், கிரில் செய்யும் சின்னப் பட்டறையில் போகும். அங்கே டாக் அடிப்பதும் (புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பது) ஃபில்லட் ஓட்டுவதும் (மூலையில் பற்றவைப்பது)தான் வேலை. செங்குத்தாக நிறுத்திய பிளேட்டில் ரூட், அதாவது இணைப்பின் அடிப்பகுதி, உள்ளே இறங்கும்படி கீழிருந்து மேலே பற்றவைத்துப் பழகிய கை, பயிற்சி விட்ட சில மாதங்களிலேயே அதை மறந்துவிடும். 18 வயதில் நிறுவனத்தில் சோதனைத் துண்டு கொடுக்கும்போது அந்த ரூட்டில்தான் தோற்கிறார்கள்.

இரண்டாண்டுப் பிரிவில் இந்தக் கணக்கு வேறு மாதிரி விழும். 15இல் சேர்ந்தால் 17இல் முடியும். பிறகு ஆபத்தான தொழில் அல்லாத இடத்தில் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி. 18இல் சான்று இரண்டு, அனுபவம் ஓராண்டு, வயதுத் தகுதி மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீசியன், வயர்மேன், ஏ.சி. மெக்கானிக், மோட்டார் வாகன மெக்கானிக், எலக்ட்ரானிக் மெக்கானிக், சிவில் டிராஃப்ட்ஸ்மேன், டூல் அண்ட் டை மேக்கர் எல்லாம் இரண்டாண்டு. வெல்டர் மட்டமான தொழில் என்று சொல்ல வரவில்லை. ஃபிட்டர் முடித்துவிட்டு வெல்டிங் கற்றுக்கொண்டவருக்குக் கிராக்கி அதிகம். 15 வயதில் அதை மட்டும் எடுப்பதில்தான் சிக்கல். 18 தாண்டி வருகிறவர், பிளஸ் டூ முடித்தவர், வேலை பார்த்துக்கொண்டே சான்று தேடுகிறவர் இவர்களுக்கு ஓராண்டுப் பிரிவு நன்றாகவே பொருந்தும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்தத் தவறு இன்னும் கூடுதலாக நடக்கிறது. 'பொண்ணுக்கு எதுக்குப் பட்டறை' என்று கோபாவிலோ தையல் பிரிவிலோ சேர்த்துவிடுகிறார்கள். இரண்டும் ஓராண்டு. எலக்ட்ரானிக் மெக்கானிக், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக், டிராஃப்ட்ஸ்மேன் போன்றவை இரண்டாண்டு. பளு தூக்கும் வேலை குறைவு, மேலே படிக்கவும் வழி உண்டு. பெண்களுக்கு ஐ.டி.ஐ. சேர்க்கையில் உச்ச வயது வரம்பே கிடையாது என்பதையும் எத்தனை வீட்டில் தெரிந்து வைத்திருக்கிறார்கள்?

அடுத்தது சான்றின் பெயர். ஐ.டி.ஐ. படிப்பின் முடிவில் கிடைப்பது தேசியத் தொழிற்சான்றிதழ், என்.டி.சி. மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் வருவது. அந்தத் திட்டம் 1950இல் தொடங்கியது. 1956இல் அமைந்த என்.சி.வி.டி. எனும் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுமத்தின் பொறுப்புகள் இப்போது என்.சி.வி.இ.டி. என்ற புதிய குழுமத்துக்குப் போய்விட்டன. ஆனாலும் பேச்சிலும் விளம்பரத்திலும் இன்றுவரை 'என்.சி.வி.டி. சான்று' என்றுதான் சொல்கிறார்கள். இதற்கு இணையாக மாநிலக் குழுமம் தரும் எஸ்.சி.வி.டி. சான்றும் இருக்கிறது. பல வேலை அறிவிப்புகள் இரண்டையும் ஏற்கும், சில என்.சி.வி.டி. மட்டும் என்று கேட்கும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: அங்கீகாரம் நிலையத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. பிரிவு பிரிவாக, யூனிட் யூனிட்டாகக் கொடுக்கப்படுகிறது. ஃபிட்டரில் ஒரு யூனிட் 20 பேர், கோபாவில் 24 பேர். ஒரு தனியார் நிலையத்தில் எலக்ட்ரீசியன் இரண்டு யூனிட்டுக்கு என்.சி.வி.டி. இருக்கலாம், அதே கட்டடத்தில் நடக்கும் வேறொரு பிரிவுக்கு இல்லாமலும் இருக்கலாம். வாசல் பலகையில் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று எழுதியிருப்பதால் ஒன்றும் ஆகாது. சங்கப் பதிவு எண்ணை வைத்துக்கொண்டும் அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அரசுப் பதிவில் நிலையத்துக்கு உள்ள எம்.ஐ.எஸ். குறியீட்டைக் கேளுங்கள். முதலெழுத்து ஜி என்றால் அரசு, பி என்றால் தனியார். முதல் இரண்டு எழுத்துக்கு அடுத்து வரும் 33 தமிழ்நாட்டின் எண். அந்தக் குறியீட்டை மத்திய அரசின் இணையதளத்தில் போட்டால் எந்தப் பிரிவுக்கு, எத்தனை யூனிட்டுக்கு அனுமதி என்று வந்துவிடும். உங்கள் பிள்ளை சேரும் பிரிவு அதில் இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள். 'ஆறு மாத டிப்ளமோ' என்று சுவரொட்டி ஒட்டும் இடங்களுக்கு இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. பாலிடெக்னிக் டிப்ளமோ என்பது மூன்றாண்டுப் படிப்பு.

பட்டறையை நேரில் பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. என்ன பார்ப்பது என்று தெரியாததால் பெற்றோர் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பாடத்திட்டப்படி முதலாண்டில் 1,200 மணி நேரம், அதில் 840 மணி நேரம் செய்முறை, 240 தொழிற்கோட்பாடு, 120 வேலைவாய்ப்புத் திறன். இது போக 150 மணி நேரம் தொழிற்சாலைப் பயிற்சியோ குழுத் திட்ட வேலையோ உண்டு. பத்தில் ஏழு பங்கு நேரம் கையில் கருவியோடு நிற்க வேண்டும் என்பது கணக்கு. ஃபிட்டர் பட்டறையில் வைஸ்களை (துண்டை இறுக்கிப் பிடிக்கும் கருவி) எண்ணுங்கள். 20 பேருக்கு 20 வைஸ் வேண்டும். எட்டுதான் இருக்கிறது என்றால் இரண்டு, மூன்று பேருக்கு ஒன்று. 840 மணி நேரம் அங்கேயே 336 மணியாகச் சுருங்கிவிடும். தரை துடைத்துவிட்டது போல் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். அரம் ஓடும் இடத்தில் தூள் இருக்கும், லேத் ஓடும் இடத்தில் சீவல் சுருள் இருக்கும், வெல்டிங் கூண்டில் எரிந்து தீர்ந்த ராடு முனைகள் கிடக்கும்.

மாணவர்கள் செய்து முடித்த ஜாப்பை, அதாவது பயிற்சித் துண்டைக் காட்டச் சொல்லுங்கள். ஃபிட்டர் பிரிவின் ஃபிட்டிங் ஜாப்களில் அளவு ±0.04 மில்லிமீட்டருக்குள்ளும் கோணம் 30 கோண நிமிடத்துக்குள்ளும் (அரை டிகிரி) வர வேண்டும் என்று பாடத்திட்டம் கேட்கிறது. சாதாரண வெர்னியரின் மிகச்சிறு அளவு 0.02. 0.04க்குள் நிற்கிறதா என்று நம்பிச் சொல்ல 0.01 காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும். பட்டறையில் மைக்ரோமீட்டர் எங்கே என்று கேட்டதும் அலமாரிச் சாவியைத் தேடினால், அங்கே அளவு பார்க்கும் பழக்கம் இல்லை என்று பொருள். ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் 'ஆண்', 'பெண்' துண்டு இரண்டையும் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளியில் ஒளி எவ்வளவு கசிகிறது என்பது கண்ணுக்கே தெரியும். அதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

எலக்ட்ரீசியன், எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவுகளில் சேர்க்குமுன் நிறப்பார்வைச் சோதனை செய்துவிடுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத குறை பையன்களில் அவ்வளவு அரிதல்ல. வீட்டில் யாருக்கும் தெரியாமலே 15 வயதுவரை வந்துவிடும். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு ஏ-1 என்ற உச்ச மருத்துவத் தகுதி கேட்பார்கள். கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வையும் நிறப்பார்வையும் வேண்டும், லேசர் அறுவை செய்தவர்களை ஏற்க மாட்டார்கள். எழுத்துத் தேர்வெல்லாம் தேறிவிட்டு மருத்துவச் சோதனையில் திரும்பி வருவதைவிட, முன்னாலேயே தெரிந்தால் அதே ஐ.டி.ஐ.யில் வேறு இலக்கை வைத்துப் படிக்கலாம். எலக்ட்ரீசியன் சான்று இருந்தால் தனியாக வயரிங் எடுத்துச் செய்யலாம் என்ற எண்ணமும் சரியல்ல. அதற்கு மாநில மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று தனியே வாங்க வேண்டும்.

இனி, அதிகம் பேரைச் சிக்கவைப்பது. கேட்டால் சிரிப்பு வரும், இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் பெயருக்குப் பின்னால் ஓரெழுத்து. ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்து முன்னாலோ பின்னாலோ நிற்கும். ஐ.டி.ஐ. சேர்க்கையில் தட்டச்சு செய்பவர் அவசரத்தில் மூன்றாவதாக ஒரு வடிவம் போடுவார். சான்றிதழ் மின்வடிவில் கியூ.ஆர். குறியீட்டோடு வருகிறது. பேனாவால் திருத்தி முத்திரை குத்துகிற காலம் போய்விட்டது. திருத்த வேண்டுமென்றால் முதல்வர் வழியாக இணையதளத்தில் கோரிக்கை போட்டு, மாநில அலுவலகம் பார்த்து, அதற்கும் மேலே போய் வர வேண்டும். அதற்குள் விண்ணப்பத் தேதி போய்விடும். செய்ய வேண்டியது எளிது: பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடி ஆதாரைச் சேர்க்கைக்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள். பதிவு முடிந்ததும் பிள்ளையின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி நான்கையும் திரையில் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். முதல் மாதத்தில் இதைச் சரிசெய்வது அரை நாள் வேலை.

தேர்வு ஆண்டுக்கு ஒரு முறை. எழுத 80 சதவீத வருகை வேண்டும். செய்முறையில் 60 சதவீதமும் எழுத்துத் தேர்வில் 33 சதவீதமும் எடுத்தால் தேர்ச்சி. எழுத்துத் தேர்வு இப்போது கணினியில், விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையில் நடக்கிறது. 33 எடுத்தால் போதும் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். ரயில்வே அப்ரண்டிஸ் தேர்வில் தனியாக எழுத்துத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐ.டி.ஐ. மதிப்பெண்ணையும் சராசரி எடுத்துத் தரவரிசை போடுகிறார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் போனது போனதுதான், ஐ.டி.ஐ. மதிப்பெண் இன்னும் நம் கையில் இருக்கிறது. சென்னை கிண்டியில் உள்ள நிமி நிறுவனம் தொழிற்பிரிவுப் பாடநூல்களையும் வினா வங்கியையும் வெளியிடுகிறது. வினா வங்கியை மத்திய அரசுத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். தமிழ்ப் பாடநூலில் உள்ள மொழிபெயர்ப்புச் சொல் பிடிபடாமல் முழிக்கும் பிள்ளைகள், பட்டறையில் 'டாலரன்ஸ்' (அனுமதிக்கப்படும் அளவு வேறுபாடு) என்று கேட்டால் பளிச்சென்று சொல்வார்கள். தமிழ் நூலில் பட்டறைச் சொல்லையும் பக்கத்திலேயே அச்சிட்டால் பாதிக் குழப்பம் தீரும். இரண்டாண்டுப் பிரிவில் முதலாண்டோடு நின்றவருக்கு என்.டி.சி. கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சம்பளம் வருகிறதென்று நடுவில் நிறுத்துகிறவர்கள் பின்னால் பத்தாம் வகுப்பு மட்டும் படித்தவராகவே எங்கும் எண்ணப்படுவார்கள்.

பிளஸ் டூ இணைத்தகுதி பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட வந்து பார்த்ததில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து என்.டி.சி. பெற்றவர், மேல்நிலைத் தமிழ், ஆங்கில மொழித்தாள்களைத் தனித்தேர்வராக எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று பெறத் தமிழக அரசு வழி செய்திருக்கிறது. எட்டாம் வகுப்போடு வயர்மேன் போன்ற பிரிவில் சேர்ந்தவர்களுக்கு இதேபோல் பத்தாம் வகுப்பு மொழித்தாள்கள். வேதியியல், கணக்கு என்று ஆறு பாடம் வேண்டாம். மொழி மட்டும் போதும். இதை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர் பிற்பாடு அஞ்சல்வழியில் பட்டம் வாங்குவார். அரசுப் பணிக்குப் போகும்போது 10+2+3 வரிசை இல்லை என்று பட்டமே கணக்கில் வராமல் போகும். 17 வயதில் பாடப் பழக்கம் விடாமல் இருக்கும்போது எழுதினால் ஒரு மூச்சில் முடியும். 27 வயதில் ஷிப்ட் வேலைக்கு நடுவே ஆங்கிலத் தாள் எழுதுவது வேறு. சிக்கல் என்னவென்றால், பள்ளியில் தலைமையாசிரியர் தேர்வர் பட்டியல் அனுப்புவதுபோல ஐ.டி.ஐ.யில் யாரும் அனுப்புவதில்லை. தனித்தேர்வர் அறிவிப்பு எப்போது வருகிறது என்று பிள்ளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தேதி தவறினால் அடுத்த அறிவிப்புவரை காத்திருக்க வேண்டும்.

பாலிடெக்னிக் வழி தெரிந்ததுதான் என்றாலும் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாமாண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரடி இரண்டாமாண்டு. ஆக ஐ.டி.ஐ. 2, டிப்ளமோ 2, பி.இ. 3, மொத்தம் 7 ஆண்டு. பிளஸ் டூ படித்து பி.இ. போனவருக்கு 6 ஆண்டு. பத்தாம் வகுப்பிலிருந்து நேரே டிப்ளமோ போனவருக்கும் மூன்றும் மூன்றும் 6தான். ஓராண்டு கூடுதலாகச் செலவழித்தவரிடம் என்.டி.சி.யும் டிப்ளமோவும் கையில் இருக்கும், எந்தப் படியில் நின்றாலும் வேலைக்குப் போகலாம். ஓராண்டுப் பிரிவு முடித்தவருக்கு இந்த நேரடி இரண்டாமாண்டு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் திரும்ப முதலாண்டில்தான் சேர வேண்டும்.

நேரடி இரண்டாமாண்டு சேர்ந்தவர்கள் எங்கே விழுகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறோம். கணக்கில். டிப்ளமோ முதலாண்டில் நடத்தி முடித்த அணிக்கோவை, முக்கோணவியல், வகையீடு எதையும் ஐ.டி.ஐ. பிள்ளை பார்த்திருக்காது. இரண்டாமாண்டுப் பாடம் அது தெரியும் என்று வைத்துக்கொண்டு ஓடும். பட்டறையில் எல்லோருக்கும் முன்னால் நிற்கும் பிள்ளை மூன்றாம் பருவத்திலேயே அரியர் வைத்துவிட்டு மனம் தளர்ந்துபோகும். ஐ.டி.ஐ. தேர்வு எழுதிய கையோடு, முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களில், முதலாண்டு டிப்ளமோ மாணவரிடம் கணக்கு நூலை வாங்கி நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்தாலே இது பாதி குறையும்.

அப்ரண்டிஸ் பயிற்சியில் ஏமாறுவது பெரும்பாலும் ஒரு சொல்லால்தான். 'டிரெய்னியாக எடுத்துக்கொள்கிறோம்' என்று நிறுவனம் சொன்னால் அது தொழில் பழகுநர் பயிற்சி ஆகிவிடாது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அப்ரண்டிஸ் என்றால் ஒப்பந்தம் மத்திய அரசின் இணையதளத்தில் பதிவாகி, அதற்கு எண் வந்திருக்க வேண்டும். பயிற்சி முடிவில் அகில இந்தியத் தேர்வு எழுதினால்தான் தேசியத் தொழிற்பழகுநர் சான்று, என்.ஏ.சி., கிடைக்கும். பதிவே இல்லாமல் ஓராண்டு உழைத்தவருக்கு மிஞ்சுவது லெட்டர்ஹெட்டில் ஓர் அனுபவக் கடிதம். முதல் மாதச் சம்பளத்துக்கு முன்பே ஒப்பந்த எண்ணைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம்வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்பதால், கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. ஐ.டி.ஐ. சான்று பெற்றவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய் என்று 2019இல் விதி திருத்தப்பட்டது. அதைவிடக் குறைத்துக் கொடுத்தால் விதிமீறல். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் பழகுநருக்கு இருக்காது, ஆனால் பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனம் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. ரயில்வேயில் மட்டும், ரயில்வே பணிமனைகளில் பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு லெவல்-1 எனும் தொடக்கநிலைப் பணிகளின் நேரடி நியமனத்தில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப்., பொன்மலைப் பணிமனை அறிவிப்புகளைப் பிள்ளைகள் தவறவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

உதவி லோகோ பைலட் தேர்வுக்கு ஐ.டி.ஐ. போதும் என்று எழுதுகிறீர்கள். எந்தப் பிரிவு என்று எழுதுவதில்லை. ஃபிட்டர், எலக்ட்ரீசியன், டர்னர், மெஷினிஸ்ட், வயர்மேன், டீசல் மெக்கானிக், மோட்டார் வாகன மெக்கானிக், ஏ.சி. மெக்கானிக், எலக்ட்ரானிக் மெக்கானிக் போன்றவை பட்டியலில் உண்டு. வெல்டர், பிளம்பர், கோபா இல்லை. அந்தப் பட்டியல் பழைய பிரிவுப் பெயர்களால் ஆனது என்பதையும் கவனிக்க வேண்டும். டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைத் 'தொழில் 4.0' எனும் நவீனத் தொழில்நுட்ப மையங்களாகத் தமிழக அரசு தரம் உயர்த்தியிருக்கிறது. ரோபோட்டிக்ஸ், தானியங்கிக் கட்டுப்பாடு, அட்வான்ஸ்டு சி.என்.சி. (கணினி இயக்கும் எந்திரம்), மின்வாகன மெக்கானிக் என்று புதிய பிரிவுகள் வந்துள்ளன. கருவிகள் உண்மையிலேயே நல்லவை. ஆனால் ரோபோட்டிக்ஸும் தானியங்கிக் கட்டுப்பாடும் ஓராண்டு, சி.என்.சி.யும் மின்வாகனமும் இரண்டாண்டு. 'ரோபோ' என்ற பெயரில் மயங்கி 15 வயதில் ஓராண்டுப் பிரிவில் சேர்ந்தால் மேலே சொன்ன அதே வயதுச் சிக்கல் வரும். தனியார் தொழிற்சாலையே இலக்கு என்றால் சி.என்.சி.யைத் தைரியமாக எடுக்கலாம். அரசு, ரயில்வே என்று எண்ணம் இருந்தால் பழைய பெயருள்ள பிரிவே பாதுகாப்பு.

பணம் ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, மிதிவண்டி, சீருடை, காலணி, பாடநூல், வரைகருவி, பேருந்து அட்டை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வரும். தனியார் ஐ.டி.ஐ.களிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இருக்கின்றன. அவை அரசின் இணையவழிக் கலந்தாய்வில் மட்டுமே நிரப்பப்படும், நேராகப் போய்ச் சேர்ந்தால் கிடைக்காது.

அரசிடம் கேட்பது இரண்டுதான். ஐ.டி.ஐ. இரண்டாமாண்டு மாணவர்களின் பெயர்களை மொழித்தாள் தேர்வுக்கு முதல்வரே தேர்வுத்துறைக்கு அனுப்பட்டும். சேர்க்கை ஆணையிலேயே அந்தப் பிரிவின் காலம், அங்கீகாரம், நேரடி இரண்டாமாண்டு உண்டா இல்லையா மூன்றையும் அச்சிட்டுக் கொடுக்கட்டும். தாளும் மையும் தவிர இதற்குச் செலவில்லை.

உங்களிடம் கேட்பது, அடுத்த மே மாதம் பிரிவுகளின் பெயர்களை வரிசையாகப் போடுவதற்குப் பதில் ஓர் அட்டவணை. பிரிவின் பெயருக்கு எதிரே ஐந்து கட்டம்: எத்தனை ஆண்டு, முடிக்கும்போது வயது எத்தனை, டிப்ளமோ நேரடி இரண்டாமாண்டு உண்டா, பிளஸ் டூ இணைத்தகுதி உண்டா, லோகோ பைலட் பட்டியலில் இருக்கிறதா. அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். விவரங்களைச் சரிபார்த்துத் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
பணி நிறைவு பெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் சிலர்